யாரோடு கைகோத்திருக்கிறது?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த ஸ்பெக்ட்ரம் படமும் நேற்று வந்து சேர்ந்தன. படத்தின் இடது பக்கம், 3320-க்கு நேரே, சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் உன் கையெழுத்து: "அக்கா, என்-எச் 90 சதவீதம் பிணைந்திருக்கிறது! அப்படியென்றால் ஃபேஸ் செபரேஷன் நன்றாக நடந்திருக்கிறது, இல்லையா?"

இல்லையடா. உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த ஒரு பீக்கை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பாலியூரித்தேனைக் கையில் எடுக்கும் ஆராய்ச்சி மாணவர்கள் வழக்கமாக வழுக்கி விழும் இடம் இது. 3320-ல் பீக் மலைபோல் நிற்கும். 3440-ல் இருப்பதோ மலையின் தோளில் ஒட்டிய சின்னப் புடைப்பு. கண் மலைக்குத்தான் போகும். நீ போகாதே.

கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன். இந்தக் கடிதத்தை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் உதவும். "இதெல்லாம் தெரிந்ததுதானே" என்று நீ தாண்டிப் போகாதே. தாண்டிப் போனதால்தான் சிவப்பு வட்டம் வந்தது.

நீ செய்திருக்கும் சரக்கு மூன்று பொருள் சேர்ந்தது: எம்டிஐ என்கிற ஐசோசயனேட், பியூட்டேன்டையால், பிடிஎம்ஈஜி என்கிற பாலிஈத்தர். எம்டிஐயும் பியூட்டேன்டையாலும் சேர்ந்த பகுதி விறைப்பானது. அதைக் கடினத் துண்டு என்போம். பாலிஈத்தர் நெளிவது, மென் துண்டு. இரண்டும் ஒரே சங்கிலியில் மாறி மாறி வரும். குணம் ஒத்துப்போகாததால் கடினத் துண்டுகள் தங்களுக்குள் கூடித் திட்டுத் திட்டாக ஒதுங்கும். மென் துண்டுகள் சுற்றிலும் கடலாக நிற்கும். நீ எழுதிய ஃபேஸ் செபரேஷன் இதுதான். ரப்பரில் கந்தகம் போட்டுச் செய்கிற வேலையை இங்கே அந்தத் திட்டுகள் செய்கின்றன. இழுத்தால் கடல் நீளும், திட்டுகள் பிடித்துக்கொள்ளும். விட்டால் பழைய இடத்துக்கு வரும். உன் ஷூவின் அடியும் அலுவலக நாற்காலியின் சக்கரமும் இந்தக் குடும்பம்தான். திருப்பூர்க்காரர்கள் லைக்ரா என்று சொல்கிற நூலும் இதற்கு நெருங்கிய சொந்தம். அதில் டையாலுக்குப் பதில் டைஅமீன் போடுவதால் யூரியா இணைப்பும் சேர்ந்திருக்கும். ஓட்டோ பேயர் 1937-ல் ஜெர்மனியில் பாலியூரித்தேன் வேதியியலைத் தொடங்கிவைத்தார். டூபாண்டில் ஜோசஃப் ஷிவர்ஸ் 1958-ல் அந்த நூலைக் கண்டுபிடித்தார். ஆனால் இந்த மீள்மங்களின் குணத்துக்குக் காரணம் திட்டும் கடலுமாகப் பிரிவதுதான் என்று கூப்பரும் டோபோல்ஸ்கியும் எடுத்துச் சொன்னது 1966-ல். சரக்கு முதலில் வந்தது, விளக்கம் பிறகுதான் வந்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். திட்டு எவ்வளவு சுத்தமாகப் பிரிந்திருக்கிறது என்பதை ஐஆர் என்கிற அகச்சிவப்பு ஸ்பெக்ட்ரம் எப்படிச் சொல்லும்?

யூரித்தேன் இணைப்பில் இருக்கும் என்-எச் பிணைப்பை ஒரு சுருள்வில்லாக நினைத்துக்கொள். நைட்ரஜனோடு கட்டப்பட்ட ஹைட்ரஜன் தனியாக இருக்கும்போது 3440 பக்கம் அதிரும். எல்லா எண்ணும் செ.மீ.⁻¹ கணக்கு. எதிரில் ஒரு ஆக்சிஜன் வந்து நின்றால் ஹைட்ரஜன் அந்தப் பக்கமும் கொஞ்சம் சாய்கிறது. வில் தளர்கிறது, அதிர்வெண் 3320-க்கு இறங்குகிறது. அதே இணைப்பில் இருக்கும் கார்பனைலுக்கும் (C=O) இதே கதை: தனியாக இருந்தால் 1730 சுமாருக்கு, ஒரு என்-எச் வந்து பிடித்துக்கொண்டால் 1700 சுமாருக்கு. இவ்வளவுதான் அடிப்படை. அழகான விஷயம். மோலுக்கு இருபது கிலோஜூல் சுமாருக்கான ஒரு மெல்லிய பிடிப்பைத் தராசு இல்லாமல், தொடாமல், ஒரு கோட்டின் வளைவில் பார்க்கிறோம். எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு இது சலிக்கவில்லை.

நீ விட்ட இடம் எது தெரியுமா? என்-எச் கை நீட்டுவது கார்பனைலிடம் மட்டுமில்லை. உன் மென் துண்டு முழுக்க ஈத்தர் ஆக்சிஜன் நிறைந்திருக்கிறது. திட்டுக்குள் போகாமல் கடலில் தவறி விழுந்த கடினத் துண்டு என்ன செய்யும்? அங்கேயே ஒரு ஈத்தர் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். அதுவும் ஹைட்ரஜன் பிணைப்புதான், அதுவும் 3300 பக்கம்தான் காட்டும். உன் மலைக்குள் இரண்டு கூட்டம் கலந்து நிற்கிறது: திட்டுக்குள் தன் இனத்தோடு கைகோத்தவை, கடலில் அயலாரோடு கைகோத்தவை. முதல் கூட்டம் பிரிவுக்குச் சாட்சி. இரண்டாவது கலப்புக்குச் சாட்சி. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டு "நன்றாகப் பிரிந்திருக்கிறது" என்றால் எப்படி? எத்தனை பேர் கைகோத்திருக்கிறார்கள் என்பதைவிட, யாரோடு என்பதுதான் உன் ஆராய்ச்சியின் கேள்வியே.

அதற்கு 1700 பக்கம் போ. கார்பனைலைப் பிடிக்க வருவது என்-எச் மட்டுமே; என்-எச் இருப்பது கடினத் துண்டில் மட்டுமே. ஆகவே 1700 பீக் நேரடியாகக் கடினமும் கடினமும் சேர்ந்ததைச் சொல்கிறது. யூரித்தேன் ஒவ்வொன்றிலும் ஒரு என்-எச், ஒரு கார்பனைல். என்-எச்சில் 90 பேர் பிணைந்திருக்க, கார்பனைலில் 60 பேர்தான் பிணைந்திருந்தால், மீதி 30 என்-எச் எங்கே போயிற்று? ஈத்தரிடம்தான். சேமூர், எஸ்டெஸ், கூப்பர் மூவரும் 1970-ல் பிரிவுபட்ட பாலியூரித்தேன்களில் ஹைட்ரஜன் பிணைப்பைப் பற்றி எழுதிய கட்டுரையைத் தேடி எடுத்துப் படி. பழசு என்று ஒதுக்காதே. இந்த இரண்டு ஜன்னலையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் அங்கே வந்துவிட்டது.

"அப்படியானால் 90-லிருந்து 60-ஐக் கழித்தால் முடிந்ததா?" என்று கேட்பாய். உன்னைத் தெரியாதா எனக்கு! பொறு. அந்த 90-ஏ சந்தேகத்துக்குரிய எண்.

பிணைந்த என்-எச்சும் தனி என்-எச்சும் ஒரே அளவு ஒளியை உறிஞ்சுவதில்லை. பிணைந்தது பல மடங்கு பலமாக உறிஞ்சும். தேர்த்திருவிழாவில் ஒரு பாதி கோஷம் போடுகிறது, மறுபாதி வாய்க்குள் முணுமுணுக்கிறது என்று வை. சத்தத்தை வைத்துத் தலை எண்ணினால் முணுமுணுப்பவர்கள் இல்லவே இல்லை என்று தோன்றும். 3440-ல் அந்தப் புடைப்பு சிறிதாக இருப்பதால் தனி என்-எச் குறைவு என்று நீ எழுதியது இப்படி எண்ணிய கணக்கு. நிஜத்தில் தனியானவை அதைவிட அதிகம்.

இதிலிருந்துதான் அடுத்த தப்பு முளைக்கும். அதை நீ இன்னும் செய்யவில்லை, அடுத்த மாதம் செய்வாய். சாம்பிளைச் சூடாக்கிப் பார்க்கப்போவதாக எழுதியிருக்கிறாய். 3320 பீக் சூடு ஏற ஏறச் சுருங்கும். உடனே "பிணைப்புகள் அறுந்துகொண்டிருக்கின்றன" என்று அட்டவணை போட்டு, அதிலிருந்து ஒரு வெப்ப ஆற்றல் எண்ணையும் கணக்கிட்டுவிடுவாய். கோல்மன், பெய்ண்டர் குழுவினர் 1986-ல் ஓர் எளிய பாலியூரித்தேனை வைத்து இதைத்தான் தெளிவாக்கினார்கள். சூடாகும்போது பிணைப்புகள் அறுவதற்கு முன்பே தளர்கின்றன. தளர்ந்தால் உறிஞ்சும் பலமும் குறைகிறது. கோஷம் போட்டவர்கள் அங்கேயேதான் நிற்கிறார்கள், தொண்டை கம்மிவிட்டது. பீக் சுருங்கும்போது 3320-லிருந்து மெல்ல மேலே நகர்வதையும் பார். தளர்வுக்கு அதுவே அடையாளம். அதனால் சூட்டுச் சோதனைக்கு என்-எச் பகுதியின் பரப்பை நம்பாதே. இடப்பெயர்ச்சியை மட்டும் குறித்துக்கொள்.

கார்பனைல் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. அங்கும் பிணைந்தது கொஞ்சம் அதிகமாக உறிஞ்சும், ஆனால் வித்தியாசம் சிறியது. சிறியது என்பதால் மறந்துவிடவும் கூடாது. பிணைந்த பீக்கின் பரப்பு 60, தனி பீக்கின் பரப்பு 40 என்று வை. இரண்டும் சமமாக உறிஞ்சுகின்றன என்று எடுத்தால் பிணைந்தவை 60 சதவீதம். பிணைந்தது 1.7 மடங்கு உறிஞ்சுகிறது என்று எடுத்தால் 60-ஐ 1.7-ஆல் வகுத்துக் கணக்கிட வேண்டும். பிணைந்தவை 47 சதவீதம்தான். அதே சாம்பிள், அதே கோடு. எந்த விகிதத்தை எடுத்தாய் என்று எழுதாமல் சதவீதத்தை மட்டும் எழுதினால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. உன் கடிதத்தில் அது எங்கே? நான் மூன்று முறை தேடினேன்.

சரி, பீக்கைப் பிரிக்கிற வேலைக்கு வருவோம். சாஃப்ட்வேர் "ஆர்-ஸ்கொயர் 0.9998" என்று காட்டியதாகப் பெருமையோடு எழுதியிருக்கிறாய். கார்பனைல் பகுதியில் ஐந்து பீக் போட்டிருக்கிறாய். ஐந்து போட்டால் எந்தக் கோடும் பொருந்தும், தம்பி. ஆட்டுக்குட்டியின் முதுகுக்கும் பொருந்தும். ஒவ்வொரு பீக்குக்கும் இன்னது என்று பெயர் சொல்ல முடிய வேண்டும். உன் சாம்பிளில் பெயர் சொல்ல முடிந்தவை மூன்று: 1730-ல் தனியானது, 1700-க்கு ஒட்டி ஒழுங்காக அடுக்கப்பட்ட திட்டுக்குள் இருப்பது, நடுவில் 1710-1715-ல் ஒழுங்கில்லாமல் பிணைந்தது. இரண்டாம் வகைக்கெழுவைப் போட்டுப் பார். அதில் தெரியாத பீக்கை நீயாகப் பிறப்பிக்காதே. அகலத்துக்கு ஒரு வரம்பு வை. பேஸ்லைனை எங்கிருந்து எங்கே போட்டாய் என்று நோட்டில் எழுது, எல்லாச் சாம்பிளுக்கும் அதே இடம்.

"பாலிஎஸ்டர் போட்டதும் ஒரு வரிசை இருக்கிறதே, அதற்கும் இதே முறைதானே?" என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். ஐயோ, இல்லை! எஸ்டரின் கார்பனைல் 1730-ல்தான் உட்காரும். தனி யூரித்தேன் கார்பனைல் அதன் அடியில் மூழ்கிப்போகும். போதாததற்கு, என்-எச் எஸ்டர் கார்பனைலையும் பிடித்துக்கொள்ளும். அந்த வரிசையில் 1730-ஐத் "தனி" என்று பெயரிட்டால் மொத்தக் கணக்கும் போச்சு. முதல் கட்டுரைக்குப் பாலிஈத்தர் வரிசையோடு நின்றுகொள். எஸ்டருக்கு அவசரம் இல்லை.

இனி சாம்பிள். இங்கேதான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் இங்கே பிழை நடந்தால் பிறகு எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

நீ ஏடிஆரில் வைரத்தின் மேல் சாம்பிளை வைத்து அழுத்தி எடுத்திருக்கிறாய். சுலபம், சுத்தம், ஒரு நிமிஷ வேலை. ஆனால் அந்த ஒளி எவ்வளவு ஆழம் போகிறது? வைரத்தில் 45 டிகிரி கோணத்தில், 1700-ல் ஏறத்தாழ 1.2 மைக்ரான், 3300-ல் அதில் பாதி. நீ பார்த்தது மேல்தோலை மட்டும். காற்றைப் பார்த்த முகத்தில் மென் துண்டு அதிகம் சேர்ந்திருக்கலாம். அச்சைத் தொட்ட முகம் வேறு மாதிரி இருக்கலாம். அதோடு ஆழம் அலைஎண்ணோடு மாறுவதால், என்-எச் பீக்கையும் கார்பனைல் பீக்கையும் திருத்தம் போடாமல் ஒப்பிட்டால் அளவுகோலையே மாற்றிவிட்டு அளந்த மாதிரி. ஏடிஆர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரு முகத்தையும் எடு, குறுக்கே வெட்டி உள்முகத்தையும் எடு, மூன்றும் ஒத்துப்போகிறதா பார்.

என்னைக் கேட்டால், மெல்லிய படலம் வார்த்து ஒளியை ஊடுருவ விட்டுப் பார்ப்பதே நல்லது. கரைசலைப் பொட்டாசியம் புரோமைடு வில்லையின் மேல் ஒரு சொட்டு விடு, வில்லையைச் சாய்த்துச் சாய்த்து ஓடவிடு. கையுறை போட்டுக்கொள், வில்லையின் விளிம்பை மட்டும் பிடி. அது உப்பு, உன் மூச்சுக்காற்றின் ஈரம் பட்டாலே முகம் மங்கிவிடும், விரல் பட்டால் ரேகை அப்படியே பதிந்துவிடும். கார்பனைல் பீக்கின் உயரம் 1-க்குக் கீழே இருக்கும்படி படலம் மெல்லியதாக இருக்க வேண்டும். பீக்கின் தலை தட்டையாகத் தெரிந்தால் படலம் தடிமன் என்று அர்த்தம். அதைப் பிரித்துக் கணக்குப் போடாதே, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வார்.

கரைப்பான் டிஎம்எஃப் என்று எழுதியிருக்கிறாய். அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். நான் முதன்முதலில் டிஎம்எஃப்பில் படலம் வார்த்தது சென்னையில் ஒரு ஐப்பசி மழை நாளில். கண்ணாடிபோல் இருந்த கரைசல் பத்து நிமிஷத்தில் ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கியது. அரைமணியில் தயிர் உறைந்த மாதிரி ஆகிவிட்டது. கரைப்பானுக்குள் தண்ணீர் புகுந்ததும் பாலியூரித்தேன் கரைசலில் நிற்க முடியாமல் திரிந்து, நுண்துளைகளோடு உறைந்துவிட்டது. செயற்கைத் தோல் தொழிற்சாலையில் இதையே வேண்டுமென்று தண்ணீர்த் தொட்டிக்குள் செய்கிறார்கள். அவர்களுக்குத் துளை வேண்டும். உனக்கு வேண்டாம், அது ஒளியைச் சிதறடித்துப் பேஸ்லைனைக் கோணலாக்கும். உலர்ந்த நைட்ரஜனுக்குள் வார், பிறகு வெற்றிட அடுப்பில் வை.

எத்தனை மணி என்று கேட்காதே. 1670 பக்கம் டிஎம்எஃப்பின் கார்பனைல் தெரிகிறதா என்று பார். தெரிகிற வரைக்கும் அது போகவில்லை. போகாத டிஎம்எஃப் சும்மா இருக்காது. அதன் ஆக்சிஜன் உன் என்-எச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நீ அளப்பது பாலிமரின் பிணைப்பா, கரைப்பானின் பிணைப்பா என்று தெரியாமல் போகும். 2270-ஐயும் பார்த்துவிடு. அங்கே ஏதாவது மிச்சமிருந்தால் ஐசோசயனேட் இன்னும் தீரவில்லை; வினையே முடியவில்லை. 2350-ல் இருப்பது அறைக் காற்றின் கார்பன் டைஆக்சைடு, அதைக் கண்டு பயப்படாதே. 1640-ல் புடைப்பு இருந்தால் அது தண்ணீராகவும் இருக்கலாம், ஈரம் புகுந்து உண்டான யூரியாவாகவும் இருக்கலாம். உலர்த்திப் பார்; போகாவிட்டால் யூரியா.

சூட்டுச் சோதனைக்கு இரண்டு எச்சரிக்கை. 170, 180 டிகிரி தாண்டினால் யூரித்தேன் இணைப்பே பிரியத் தொடங்கலாம். 2270-ல் ஐசோசயனேட் தலை காட்டினால் அங்கேயே நிறுத்து. இன்னொன்று, சூடாக்கிக் குளிரவைத்த உடனே எடுத்த ஸ்பெக்ட்ரமும் நாலு நாள் கழித்து எடுத்ததும் ஒன்றாக இருக்காது. சூட்டில் கலந்துபோன துண்டுகள் மறுபடி பிரிந்து ஒதுங்க மணிக்கணக்கில், சிலவேளை நாள்கணக்கில் ஆகும். அந்த நேரத்தை எழுதிவைக்காத சாம்பிளை இன்னொரு சாம்பிளோடு ஒப்பிடவே கூடாது.

இன்னொரு ஆட்சேபம் உன் மனசில் இருக்கிறது, கடிதத்தில் எழுதவில்லை. "ஹைட்ரஜன் பிணைப்புதானே இந்த மீள்மத்துக்கு வலுவைத் தருகிறது? பிணைப்பு அதிகமென்றால் வலுவும் அதிகம்தானே?" புத்தகங்கள் பலதும் அப்படித்தான் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகின்றன. ஹாரெல் என்பவர் 1969-ல் பைப்பரசினை வைத்துக் கடினத் துண்டு செய்தார். அதில் நைட்ரஜன்மேல் ஹைட்ரஜனே கிடையாது. ஹைட்ரஜன் பிணைப்புக்கு வழியே இல்லை. ஆனாலும் துண்டுகள் பிரிந்தன, நல்ல மீள்மம் கிடைத்தது. வலுவின் வேர் திட்டுகள் பிரிந்து இறுகுவதில் இருக்கிறது; ஹைட்ரஜன் பிணைப்பு அதற்குத் துணை செய்கிறது, நடந்ததைச் சாட்சியும் சொல்கிறது. சாட்சியைக் கூப்பிட்டு விசாரி. ஆனால் வேலை முழுவதையும் அதுவே செய்தது என்று எழுதிவிடாதே.

"இத்தனை குறை இருந்தால் ஐஆர் எதற்கு?" என்று சோர்ந்துவிடாதே. ஒரே முறையில் வார்த்து, ஒரே அடுப்பில் உலர்த்தி, ஒரே பேஸ்லைன் போட்டு, கடினத் துண்டின் அளவை மட்டும் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போ. 1700-க்கும் 1730-க்கும் உள்ள விகிதம் எப்படி நகர்கிறது என்று அந்த வரிசை சொல்லிவிடும். தனிச் சாம்பிளின் சதவீதத்தைவிட அந்த நகர்வு நம்பகமானது. டிஎஸ்சி என்கிற வெப்பச் சோதனையில் மென் துண்டின் கண்ணாடி நிலை வெப்பநிலையையும் எடு. கடினத் துண்டு கடலில் கலந்திருந்தால் அது மேலே ஏறியிருக்கும். ஐஆர் சொல்வதும் டிஎஸ்சி சொல்வதும் ஒன்றானால் நீ தைரியமாக எழுதலாம். முரண்பட்டால், கட்டுரையை நிறுத்திவிட்டு எனக்கு எழுது.

உன் சாம்பிள் ஒருவேளை நன்றாகவே பிரிந்திருக்கலாம். உன் 1700 பீக் கூர்மையாகத்தான் இருக்கிறது. படத்தில் நீ வட்டம் போடாத இடத்தில். அதை நான் பென்சிலால் வட்டம் போட்டு இதோடு திருப்பி அனுப்புகிறேன்.

அடுத்த முறை படத்தை அனுப்பாதே, டேட்டா ஃபைலை அனுப்பு. கூடவே படலம் வார்த்த தேதி, அடுப்பில் இருந்த நேரம், ஸ்பெக்ட்ரம் எடுத்த தேதி, நீ எடுத்துக்கொண்ட உறிஞ்சல் விகிதம், நாலையும் எழுதி அனுப்பு. அம்மாவிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா